பாகீரதி மாமியின் காய்கறிக் காவல்

கத்தரிக்காயின் காம்பை நகத்தால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, "இது நாளன்னிக்குத் தாங்காது" என்று சொல்லி, ஈர மணல் பரப்பிய தொட்டியில் அதைக் கழுத்தளவு புதைக்கிறாள் பாகீரதி மாமி. அண்டாத் தண்ணீரில் வாழைக்காய்கள் முழுகிக் கிடக்கின்றன. கறிவேப்பிலை நனைத்த துணிக்குள் இருக்கிறது. எலுமிச்சம்பழமோ நெல்லுக்குள். உத்தரத்திலிருந்து உறி உறியாகப் பூசணிக்காய் தொங்குவதால், குத்தாலத்துக்குப் பக்கத்திலுள்ள அந்த வீட்டுச் சமையலறைக்குள் யாரானாலும் குனிந்துதான் போகவேண்டும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, அங்கே சமைப்பது என்னவோ கடைத்தெருவில் வாங்கிய வாடல் வெண்டைக்காய். ஏனென்று கேட்டால் மாமிக்குக் கோபம் வரும். நம்மேல் இல்லை, வக்கீல்மேல்.

விஷயம் இதுதான். வாய்க்கால் கரையில் அவர்களுக்குக் கொஞ்சம் நஞ்சையும் ஒரு திடலும் உண்டு. அதில் பாடுபடும் மருதையன், குத்தகைக்காரர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்ததும் தாசில்தாரிடம் மனுப் போட்டுவிட்டான். மாமியின் கணவர் நாகேஸ்வரன், ரிடையர் ஆன ஹெட்மாஸ்டர், "அவன் குத்தகைக்காரன் இல்லை, கூலியாள்" என்று எதிர்மனுப் போட்டார். "அவன் கொண்டுவர்றதுல ஒரு முருங்கைக்காயைத் தின்னாலும் குத்தகைப் பங்கு வாங்கினதா ஆயிடும் சார், நிலம் போயிடும்" என்று வக்கீல் பயமுறுத்தி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் விவசாயச் சங்கத்தார், "விளைஞ்சதுல பங்கைக் கொல்லைப்புறம் வச்சுட்டு வா, ஒரு தடவைகூட நிறுத்தாதே" என்று மருதையனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மருதையன் சொன்ன சொல் தட்டாதவன். கூடை வந்துகொண்டே இருக்கிறது.

தின்னக்கூடாது. தூக்கி எறியவோ மாமிக்கு மனசு வராது. "விளைஞ்சதை அழுக விடறது மகாபாவம். காப்பாத்தி வச்சா தின்னதா ஆகுமோ? கேளுங்கோ உங்க வக்கீலை" என்றாள். அன்றிலிருந்து மாமிக்கு இதுவே உத்தியோகம். கோர்ட்டுப் பாஷையும் கூடவே ஒட்டிக்கொண்டது. "பாகற்காயை நறுக்கி வெயில்ல போட்டுட்டேன், தைக்கு வாய்தா வாங்கியாச்சு. சேனை சமத்து, கேஸ் முடியற வரைக்கும் கிடக்கும். இந்தக் கீரைதான், காலம்பற வந்தா சாயங்காலம் தீர்ப்பு." கீரையைப் பசுவுக்குப் போட்டாள். அந்தப் பாலில் கலந்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு, இது சட்டப்படி சரிதானா என்று ஹெட்மாஸ்டர் வெகுநேரம் யோசித்தார். பிறகு குடித்துவிட்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில், வைகாசியில் ஒருநாள், மருதையன் ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து இறக்கினான். மாமி தட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், முகம் தொங்கிவிட்டது. பழுத்த பலாவை எந்த மணலில் புதைப்பது? ஈரச் சாக்கைச் சுற்றினாள். வாசனை சாக்கை மதிக்கவில்லை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஹெட்மாஸ்டர் மத்தியானம்வரை ஒரே பக்கத்தைப் படித்தார். அதற்குள் ஈயும் மொய்க்க ஆரம்பித்துவிட்டது. மாமி ஆளனுப்பி மருதையனைக் கூப்பிட்டாள்.

"மருதையா, உனக்குப் புண்ணியமாப் போகும், இதை எடுத்துண்டு போயிடு."

"ஐயோ அம்மா, வச்சதைத் திரும்ப எடுத்தா கேஸு போயிரும்னு சங்கத்துல சொல்லிருக்காங்க."

இரண்டு கட்சியும் பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. மாமிக்கு அழுகையே வந்துவிட்டது. "நிலம் யாருக்கு வேணாப் போகட்டும். இது இன்னிக்கே பழுத்துடுத்தே!" என்றவள், கையில் நல்லெண்ணெயைத் தடவிக்கொண்டு அரிவாள்மணையைக் கொல்லையில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முதலில் பிரிந்த சுளைகளை வாழையிலையில் வைத்து மருதையனிடம் நீட்டினாள்.

"நீ ஒண்ணும் திரும்ப எடுக்கலே. நான் போடறேன், நீ சாப்பிடறே. இதுக்குச் சட்டம் கிடையாது."

மருதையன் கொஞ்சம் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டான்.

அப்போது கொல்லைக் கதவு மெல்லத் திறந்தது. முகத்தை மறைத்து விரிந்திருந்த பேப்பருக்குக் கீழிருந்து ஒரு உள்ளங்கை நீண்டது. மறுநாள்தான் தாசில்தார் முன்னால் மருதையனின் வாக்குமூலம். 'ஐயா சாப்பிட்டதைக் கண்ணால பார்த்தேன்' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிலம் கைவிட்டுப் போய்விடும். மாமி அந்தக் கையைப் பார்த்தாள். மருதையனைப் பார்த்தாள்.

"மருதையா, அந்தத் தென்னையில குருத்து எப்படியிருக்கு, சித்தப் பாரேன்."

மருதையன் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, மரத்தை அண்ணாந்து பார்த்தான். மாமி நல்ல சுளையாக ஒன்றைத் தேர்ந்து, கொட்டையை நீக்கி அந்தக் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.