மூன்று தடவை பூட்டியிருந்த வீடு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மாதத்தில் இருபது நாள் வெளியூர்தான். தன் தங்கை இருக்கிற ஊரில் லாட்ஜில் தங்கினால் அவளுக்குத்தான் அவமானம் என்று நினைக்கிற பழைய காலத்து மனுஷன். முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார். "நம்ம வீட்டுக்குப் போறதுக்குச் சொல்லிட்டு வேற போகணுமா?" என்பார். போன இடத்திலும் கை சும்மா இருக்காது. கதவுக் கீலை ஆட்டிப் பார்த்து, "இதெல்லாம் கவனிக்கிறதில்லையா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

அடிக்கடி பயணம் போகிறவர்களுக்கென்று ஒரு ஆப்பை கம்பெனியில் போட்டுக் கொடுத்தார்கள். எந்த ஊரில் இறங்கினாலும், அதை வைத்திருக்கிற தெரிந்தவர்களில் யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று காட்டும். மருந்து விற்பனைக்காக ஊர் ஊராக அலைகிற தங்கை புருஷனும் அதை வைத்திருந்தார். எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. நாம் எங்கே இருக்கிறோம் என்று கண்டவர்களுக்கும் எதற்குத் தெரியணும்?

அதற்கப்புறம் தொடர்ந்து மூன்று தடவை தங்கை வீடு பூட்டியிருந்தது. மாப்பிள்ளை ஊரில்தான் இருக்கிறார் என்று ஆப் சொன்னது. போன் போட்டால் தங்கை குதிக்காத குறைதான்.

"திடீர்னு வெளிய கூட்டிட்டு வந்துட்டாருண்ணா! கல்யாணமான பதினோரு வருஷத்துல இப்படிப் பார்த்ததே இல்ல!"

இவர் நம்பவில்லை. "நடிக்கிறா. அவளுக்கு நான் வேண்டாதவனாயிட்டேன்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நான்தான் கேட்டேன்.

"அது உங்களுக்கு மட்டும்தான் காட்டுமா? நீங்க வந்தது மாப்பிள்ளைக்கும் தெரியுமில்ல?"

அவர் கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தார்.

அடுத்த தடவை நானும் கூடவே போனேன். பஸ் ஏறும் முன்பே ஆப்பை அணைத்துவிட்டார். கதவைத் திறந்த நாத்தனார், "அண்ணா!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில் நடிப்பு துளியும் இல்லை. பின்னாலேயே வந்த மாப்பிள்ளை, "வாங்க மச்சான்" என்றார். கண் மட்டும் போனில் இருந்தது. விரலால் இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார்.

"வந்ததா காட்டவே இல்லையே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

நாத்தனார் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன காட்டலை?"

இவர் வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் தங்கை முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார்.

"வர்றேன்னு மாப்பிள்ளைக்கு மெசேஜ் போட்டேன்மா. போய்ச் சேரலை போல. லாட்ஜ்ல ரூம் போட்டாச்சு. ஒரு வாய் காபி குடிச்சிட்டுக் கிளம்புறோம்."

கீல் அப்போதும் கீச்சென்றுதான் கத்தியது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

டம்ளரைக் கழுவச் சமையலறைக்குப் போனேன். நாத்தனார் பின்னாலேயே வந்து குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, அண்ணன் என்னிக்குச் சொல்லிட்டு வந்திருக்கு?"

நான் டம்ளரைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அவள் தன் போனை என்னிடம் நீட்டினாள்.

"அவர் போன்ல இருக்கிற அந்த ஆப்பை எனக்கும் போட்டுக் குடுங்க."