அக்காவுக்கு ஒரு கிரேக்கச் சொல்

மருந்துக் கம்பெனியின் மூன்றாவது மாடியில் எல்லோரும் அவரைக் கிரேக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பிறந்து வளர்ந்த இடத்துக்கும் கிரேக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பேச ஆளில்லாமல் செத்துப்போன இரண்டு மொழிகளை, பழைய கிரேக்கத்தையும் லத்தீனையும், கல்லூரியில் விழுந்து விழுந்து படித்தவர். படிப்பு முடிந்ததும்தான் அதைக் கேட்பாரில்லை என்பது தெரிந்தது. சில வருஷங்கள் அக்கா வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு சும்மா கிடந்தார். அதன் பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. புது மாத்திரைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைப்பது அவர் பொறுப்பு. மாத்திரை தீர்க்கிற கோளாறுக்குப் பெயர் இல்லாவிட்டால் அதற்கும் அவர்தான் வைக்க வேண்டும்.

உள்ளங்கை வேர்க்கிறது என்றால் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அதையே கிரேக்கத்தில் சொல்லிப் பாருங்கள், மருந்துக்கடை வாசலில் நிற்பார்கள் என்று அவர் சொல்வதுண்டு. தொழிலில் அவருக்கு ஒரு நேர்மையும் இருந்தது. ஒரு சொல்லில் கிரேக்க வேர் இருந்தால் முழுக்கக் கிரேக்கமாகவே இருக்க வேண்டும். லத்தீன் தலையில் கிரேக்க வாலை ஒட்ட விடமாட்டார். இதற்காக மேலாளரோடு முகம் சிவக்கச் சண்டை போட்டிருக்கிறார். பெயரைவிட விளக்கம் எழுதுவதுதான் கஷ்டம் என்பது அவர் கட்சி. விளக்கம் கதவு மாதிரி, சாத்தினால் இடுக்கு இல்லாமல் சாத்தியிருக்க வேண்டும்.

அவரைப் படிக்க வைத்தது அக்கா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தாள். காதில் ஒன்றும் வாயருகே ஒன்றுமாகக் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களோடு பொழுதெல்லாம் பேசுகிற வேலை. யாரும் பேசாத பாஷையைப் படித்து இவன் என்ன கிழிக்கப்போகிறான் என்று உறவில் கேட்டார்கள். அவன் இஷ்டப்பட்டதைப் படிக்கட்டும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். தம்பிக்கு வேலை கிடைத்த பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு மகன் பிறந்தான். மகன் பெரியவனாகுமுன்பே கணவர் இறந்துவிட்டார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகனும் மனைவியோடு தனி வீடு பார்த்துக்கொண்டு போனதும், அக்காவுக்குப் பேச ஆள் இல்லை. பேசிப் பேசிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? சமையலறைச் சாமான்களைப் பிடித்துக்கொண்டது. பால் பாத்திரத்திடம், "அவசரப்படாதே, நான் இங்கதான் நிக்கறேன்" என்பாள். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், "உனக்கு இதே வேலையாப் போச்சு" என்று அதட்டுவாள். கரண்டிக்குக் கோபம், வாணலிக்குச் செல்லம். மற்றபடி அவள் புத்தியில் ஒரு குறையும் கிடையாது. மின்சாரக் கட்டணம் முதல் மகன் பிறந்த கிழமை வரை எல்லாம் விரல் நுனியில்.

கிரேக்கர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு மதியம் தவறாமல் அக்கா வீட்டில் சாப்பாடு. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைதவறி விழுந்த கரண்டிக்கு அக்கா நீளமாகப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாத்திரத்துக்குக் கிரேக்கத்தில் ஸ்கியூஓஸ். பேச்சுக்கு லலியா. சோற்றைப் பிசைந்தபடியே இரண்டையும் சேர்த்தார். ஸ்கியூலலியா.

அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "எனக்குன்னே வெச்ச பேரா?" என்று கேட்டாள். உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது என்றார். நாக்கு சுளுக்கிக்கொள்ளாமல் சொல்ல வரும் வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அடுத்த வாரத்துக்குள் பக்கத்து வீட்டுக்காரி, தபால்காரர், வண்டியில் காய்கறி கொண்டுவருகிறவர் எல்லோருக்கும் அந்தச் சொல் தெரிந்திருந்தது. என் தம்பி எனக்காகச் செய்தது என்று, புதுப்புடவையைக் காட்டுவதுபோலக் காட்டினாள்.

அந்தச் சமயத்தில் கம்பெனியின் பழைய தூக்க மாத்திரை ஒன்று விற்காமல் படுத்துவிட்டது. அதற்குப் புதிதாக ஒரு நோய் தேவைப்பட்டது. வயதானவர்களுக்கு வருவதாக இருந்தால் நல்லது, எல்லா வீட்டிலும் இருப்பதாக இருந்தால் இன்னும் நல்லது என்றார் மேலாளர். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கிரேக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு அக்காவின் சொல்லை எடுத்துப் போட்டார். அறையில் இருந்தவர்கள் மேஜையைத் தட்டினார்கள். அத்தனை வருஷ வேலையில் அவருக்கு யாரும் மேஜை தட்டியதில்லை.

விளக்கத்தையும் அவரே எழுதினார். தனித்து வாழும் முதியோர் வீட்டுப் பொருள்களோடு உரையாடும் கோளாறு, சில சமயம் இது நினைவுச் சிதைவின் தொடக்கமாகவும் இருக்கலாம் என்று முதலில் எழுதினார். படித்துப் பார்த்ததில் வாக்கியம் தள்ளாடியது. 'சில சமயம்' என்பதை அடித்தார். 'இருக்கலாம்' என்பதையும் அடித்தார். நினைவுச் சிதைவின் தொடக்கம் என்று முடித்ததும் கதவு இடுக்கில்லாமல் சாத்திக்கொண்டது. டாக்டர்களுக்கு அனுப்புகிற பளபளப்பான தாளில், உலகெங்கும் அறியப்பட்ட கோளாறு என்று மேலாளர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். இது இங்கே உட்கார்ந்து செய்த சொல் என்பது வெளியே கசியக் கூடாது, கசிந்தால் எழுதியவர்தான் முதலில் வீட்டுக்குப் போவார் என்றும் சொல்லிவைத்தார்.

மாத்திரை எழுந்து நடக்க ஆரம்பித்தது. கிரேக்கருக்குச் சம்பளம் உயர்ந்தது, கண்ணாடித் தடுப்பு வைத்த அறையும் கிடைத்தது.

சில மாதம் கழித்து அக்கா மகன் அலுவலகத்துக்கே வந்தான். அக்கா பேரிலிருந்த வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட அவனிடம் ஒருவர் கேட்டிருந்தார். அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். அவன் கையில் அந்தப் பளபளப்புத் தாள். ஏதோ டாக்டர் வீட்டு வரவேற்பறையில் எடுத்தானாம்.

"இது அம்மாதானே மாமா?"

கிரேக்கர் சிரித்து மழுப்பப் பார்த்தார். சும்மா விளையாட்டுக்கு வைத்தது, அதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்றார்.

"நீங்க வெச்ச பேருன்னு எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாதுல்ல. நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம் மாமா. கூட வந்து உக்காருங்க, போதும். அம்மா உங்க கூடன்னா வருவாங்க."

வர முடியாது என்றால் தாளை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போய், இந்தக் கோளாறை உலகத்தில் முதலில் பார்த்தது யார் என்று விசாரித்துவிட்டு வருவதாகவும் சொன்னான். சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. கிரேக்கர் நாட்காட்டியைப் பார்த்து ஒரு நாளைச் சொன்னார்.

காது பரிசோதனைக்கு என்று சொல்லித்தான் அக்காவைக் கூட்டிப்போனார்கள். தம்பி கூட வருகிறான் என்றதும் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். அது மனநல மருத்துவரின் அறை என்று அவளுக்குத் தெரியாது. மருத்துவர் இளவயதுக்காரர், தன்மையாகப் பேசினார். பெயர், வயது, கிழமை எல்லாம் கேட்டார். அக்கா டாண் டாண் என்று பதில் சொன்னாள். மருத்துவர் மகனைப் பார்த்தார். மகன், பாத்திரங்களோடு பேசுகிறார்கள் டாக்டர் என்றான்.

மருத்துவர் தலையசைத்துவிட்டு அந்தச் சொல்லைச் சொன்னார்.

தன் சொல்லை முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து, அதுவும் ஒரு மருத்துவர் வாயிலிருந்து, கிரேக்கர் கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சு ஒரு சுற்று விரிந்தது. எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துபோனது. மருத்துவர் அழுத்தத்தைத் தப்பான இடத்தில் கொடுத்திருந்தார். கிரேக்கர் வாய்விட்டுத் திருத்தினார். மருத்துவர் நன்றி சொல்லிவிட்டு, சார் இந்தத் துறையா என்று கேட்டார். மருந்துக் கம்பெனி என்றார் கிரேக்கர்.

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கும் தெரியுமா டாக்டர்? அது எனக்காக வெச்ச பேரு. இதோ இருக்கானே, என் தம்பி, இவன்தான் வெச்சான். எங்க வீட்ல சாப்பிட்டுக்கிட்டே வெச்சான்."

மருத்துவரின் பேனா நின்றது. இந்தப் பெயர் உங்களுக்காகவே வைத்ததா என்று மெதுவாகத் திரும்பக் கேட்டார். ஆமாம், உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது என்றாள் அக்கா. அவர் கிரேக்கர் பக்கம் திரும்பினார்.

"அப்படியா சார்?"

அக்கா தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். சின்ன வயதில் அவன் பரிசு வாங்க மேடை ஏறும்போது கீழேயிருந்து சிரிப்பாளே, அதே சிரிப்பு. மகன் தன் கைவிரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிரேக்கருக்குக் கண்ணாடித் தடுப்பு வைத்த அறை ஞாபகம் வந்தது.

"அக்கா கொஞ்ச நாளா இப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்காங்க" என்றார்.

அக்காவின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. உதட்டில் அப்படியே நின்றது. முகத்தின் மற்ற பாகம் மட்டும் மாறிற்று. "டேய்" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். அவர் மேஜை மேலிருந்த காகித எடையைப் பார்த்தார். மருத்துவர் எழுத ஆரம்பித்தார். பாத்திரத்தோடு பேசுவதை மட்டும் வைத்து அவர் எதுவும் செய்திருக்கமாட்டார். ஒரு நோயின் பெயரே தனக்காக உண்டானது என்று நம்புகிற அளவுக்கு முற்றிவிட்டது என்பதுதான் அவரை முடிவெடுக்க வைத்தது.

அதன் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. அக்காவால் சொந்தமாக முடிவெடுக்க முடியாது என்று ஆனதால் மகன் கையெழுத்தே போதுமானதாக இருந்தது. அவளை ஒரு முதியோர் காப்பகத்தில் சேர்த்தான். வீட்டை இடித்த அன்று கிரேக்கருக்கும் சொல்லி அனுப்பினான். அவர் அலுவலக வேலை இருக்கிறது என்று போகவில்லை. சாமான்களைப் பழைய இரும்புக்காரர் அள்ளிக்கொண்டு போனாராம்.

காப்பகத்தில் காலையும் இரவும் அதே மாத்திரை. தட்டு, தம்ளர் எல்லாம் பிளாஸ்டிக். முதல் மாதம் அக்கா எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லிப் பார்த்தாள். எக்ஸ்சேஞ்சில் பேசியதுபோலத் தெளிவாக, நிதானமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல மாத்திரையின் அளவு கூடியது. அது புரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். அதோடு எல்லாப் பேச்சையும் நிறுத்திவிட்டாள். நல்ல முன்னேற்றம், இப்போதெல்லாம் எந்தப் பொருளோடும் பேசுவதில்லை என்று கிரேக்கரிடம் பொறுப்பாளர் பெருமையாகச் சொன்னார்.

ஞாயிறுகளில் அவர் போய்க்கொண்டுதான் இருந்தார். எதிரே உட்கார்ந்து அலுவலகக் கதை சொல்வார். புதிதாகச் செய்த சொற்களைச் சொல்லிக் காட்டுவார். ஒரு தடவை, போட்டிக் கம்பெனிக்காரன் லத்தீனையும் கிரேக்கத்தையும் கலந்து ஒரு நோய்க்குப் பெயர் வைத்துவிட்டான், இந்த அக்கிரமத்தைக் கேட்க ஆளே இல்லையா என்று நிஜமாகவே ஆத்திரப்பட்டார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகப் போனது ஒரு மழை நாளில். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, இன்னொரு பெண்மணிக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருப்பதை அவர் வாசலிலேயே பார்த்துவிட்டார். அவரைக் கண்டதும் பேச்சு நின்றது. பணிப்பெண் போய், "அம்மா, உங்க தம்பி வந்திருக்காரு" என்றாள்.

அக்கா திரும்பி அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். கண்ணில் மாத்திரையின் கலக்கம் இல்லை.

"எனக்குத் தம்பி கிடையாதும்மா. ஒருத்தன் இருந்தான். படிக்க வெச்சேன்."

சொல்லிவிட்டுப் பின்னலின் அடுத்த கால்களைப் பிரித்தாள். பணிப்பெண்ணுக்குப் பாவமாக இருந்தது. கிரேக்கரைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்து, "மனசுல வெச்சுக்காதீங்க சார். இந்த நோயே இப்படித்தான், சொந்தக்காரங்களைத்தான் முதல்ல மறப்பாங்க" என்றாள்.

அக்கா எதையும் மறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த நோய் என்று ஒன்று இல்லை என்பது அவரைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது. பணிப்பெண்ணைப் பார்த்து, "ஆமாம்மா, பாவம்" என்றார். குடையை விரித்துக்கொண்டு இறங்கி நடந்தார். தெருமுனை வருவதற்குள் அந்தப் பேச்சை அவரே பாதி நம்பத் தொடங்கியிருந்தார். நடையும் லேசாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அலுவலகத்தில் யாரோ விசாரித்தார்கள். அடையாளமே தெரியவில்லை, போய் என்ன ஆகப்போகிறது என்றார். கேட்டவர் அனுதாபப்பட்டு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.