கடலுக்கு எழுதிய டூட்டி நேரம்

கடல் ஏறி இறங்குவதிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று இப்போது கோட்டு மாட்டிய ஆட்கள் டிவியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். முடியும். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்களை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், கடலோரம் செர்காம் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் நாங்கள் எடுத்தே காட்டினோம், ஐந்து நாள். ஆறாம் நாள் அதைக் கெடுத்தது எங்கள் ஆபீஸ்தான்.

தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு எங்களை உள்ளே அடைத்திருந்த காலம் அது. மாலை ஏழு மணிக்குக் கேட் மூடும்போது வேலி விளக்குகள் எரிய வேண்டும், எரியாவிட்டால் போலீஸ் கேள்வி கேட்கும். விளக்குக்கு ஓடும் பங்களா இஞ்சினின் டீசலை மிச்சம் பிடிக்க, எஸ்டேட்டை நடத்திய வெள்ளைக்காரத் துரை தன் ஊரில் பார்த்ததை வைத்து ஒரு படம் வரைந்தார். கடலில் சேரும் ஓடையின் குறுக்கே வரப்பு, அதில் ஒரு பலகைக் கதவு. கடல் ஏறும்போது கதவு தானாகத் திறந்து குட்டை நிரம்பும். கடல் வற்றிய பிறகு, மடையைத் திறந்து, தேக்கிய தண்ணீரைச் சக்கரத்தின் மேல் விட வேண்டும். சக்கரம் டைனமோவைச் சுற்றும். இவ்வளவுதான் விஷயம், நல்ல விஷயமும்கூட.

முதல் நாள் ஏழு மணிக்குக் கடல் வற்றிக் கிடந்தது. விளக்குகள் எரிந்தன. ஆபீஸ் கணக்கர்களுக்குத் தலைவரான பெரிய கிராணி, தானே கடலை வற்றவைத்தவர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, "எழுது. டெய்லி ஏழு மணிக்கு மடை திறக்கணும்" என்றார். அவருக்கு உலகமே பெரட்டுதான். மணி அடித்தால் ஆள் வந்து வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். கடலும் அப்படித்தான் வரும் என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பினார். நான் சின்னக் கிராணி. அழகான கையெழுத்தில் எழுதி ஓடைக் கொட்டகையில் ஒட்டினேன்.

மடை பார்க்க வைத்தது ஐந்தாம் லயத்து ஆள் ஒருவரை. நானும் லயத்துப் பிள்ளை என்பதால் என்னைத் தம்பி என்பார், நான் மாமா என்பேன். மூன்றாம் நாளே விளக்கு மங்கியது. அவர் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

"தம்பி, தண்ணி தெனமும் முக்கா மணி நேரம் தள்ளித் தள்ளி வடியுது. நேரத்த மாத்தி எழுதுங்க. கடலு வடியிற வரைக்கும் மட்டும் பங்களா இஞ்சின ஓட்டுனா போதும்."

"பெரிய கிராணி சொன்னது மாமா. நான் மாத்த முடியாது லா."

"ஏழு மணிக்கு நான் தொறந்தா மட்டும் போதுமா? கடலு எறங்க வேணாமா?"

சிரித்து அனுப்பி வைத்தேன். பெரிய கிராணியிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்துவார், அவ்வளவுதான் காரணம்.

ஆறாம் நாள் ஏழு மணிக்குக் கடலும் குட்டையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றன. மாமா மடையைத் திறந்தார், சக்கரம் அசையவில்லை. வேலி இருண்டது. மறுநாள் காலை போலீஸ் லாரி வந்தது. "வேணுமின்னே நிப்பாட்டிட்டான் சார், காட்டுக்காரனுங்களுக்கு வழி விடத்தான்" என்றார் பெரிய கிராணி. கடல் தினமும் ஏழு மணிக்கு வற்றாது என்று ஒப்புக்கொள்வதைவிட ஒரு மனிதனைக் கம்யூனிஸ்ட் ஆக்குவது அவருக்குச் சுலபமாக இருந்தது. தூ.

லாரியில் வந்த இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "இந்த வேலையைப் பற்றி அவன் எப்போதாவது உன்னிடம் ஏதாவது சொன்னானா?"

போலீஸ்காரர்களுக்கு நடுவே நின்ற மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம்கூட இல்லை. நான் இருக்கிறேன் என்ற நிம்மதிதான் இருந்தது.

"இல்ல சார்" என்றேன்.

மாமாவை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். சக்கரத்தை விறகாக்கினார்கள். கடலை நம்ப முடியாது என்று துரை ரிப்போர்ட் எழுதினார். பிறகு துரையின் அலமாரியை நான் துடைத்தபோது அச்சடித்த புத்தகம் ஒன்று கிடைத்தது. அந்த வருஷம் முழுக்க எந்த நாள் எத்தனை மணிக்குக் கடல் ஏறும், எப்போது வடியும் என்று நிமிஷக் கணக்கில் போட்டிருந்தது. வெயிலுக்கும் காற்றுக்கும் அப்படி ஒரு புத்தகம் யாராலும் போட முடியாது. ஒருவரும் அதைப் பிரித்தே பார்த்திருக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து மாமா காவலிலிருந்து திரும்பி வந்தார், பாதி ஆளாக. மறுநாள் பெரட்டில் அவர் பேரை நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டேன். நாலடி தள்ளி நின்றுகொண்டு என்னையே பார்த்தார். இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

அன்று அவருக்காக நான் வாய் திறக்காத மாதிரியே அவரும் திறக்கவில்லை.