சந்தனப் பொட்டுக்கு அடியில் ஒரு ஏரியல்

கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் போட்டதும் எழுமே ஒரு சத்தம், அதுதான் என் சித்தப்பாவின் "ஃபாரின் வண்டி" ரேடியோ எந்நேரமும் ஒலிபரப்பிய ஒரே நிகழ்ச்சி. துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம் அவர் வாங்கிய அந்தக் காரை அல்சூரில் எங்கள் தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. நானோ அதில் தினமும் பாட்டு கேட்பதாகப் பள்ளியில் சொல்லிவைத்திருந்தேன். இரைச்சலைப் போக்க சித்தப்பா ரேடியோவைக் கழற்றி மாட்டினார், முருங்கைமரத்துக்குக் கம்பி இழுத்தார், ஓடும் வண்டியில் அப்பாவைச் செப்புக்கம்பி பிடித்த கையை ஜன்னலுக்கு வெளியே நீட்ட வைத்தார். வண்டி திரும்பப்போகிறது என்று பின்னால் வந்தவர்கள் ஒதுங்கியதுதான் பலன்.

அதே காரில்தான் பொம்மனஹள்ளிக்குச் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போனோம். பஜ்ஜி வந்தது, கரண்ட் போனது. டிவியில் கிரிக்கெட் வர்ணனை பாதியில் நின்ற துக்கத்தில் பெண்ணின் அப்பா எழுந்தேவிட்டார். "தம்பி கார்ல ரேடியோ இருக்குமில்ல? வாங்க, ஸ்கோர் கேட்டுட்டு வந்து பேசலாம்."

தெருவில் நின்று அப்பளத்தைக் கேட்டவர் என் அப்பாவைப் பார்த்தார். "ஏங்க, ஃபாரின்னீங்க, ரேடியோவே பாட மாட்டேங்குது. மத்ததெல்லாம் எப்படியோ?" அந்த மத்ததில் சித்தப்பாவின் சம்பளமும் அடக்கம் என்பது எனக்கே புரிந்தது. சித்தப்பா பதற்றத்தில் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார்.

வாசலில் நின்ற பெண் காரின் முன்பக்கம் குனிந்தார். "அப்பா, போடறப்பல்லாம் இங்க ஏதோ உர்ருங்குது. மேல வரப் பாக்குது போல. ஆமா, எதுக்கு இவ்ளோ சந்தனம்?"

கார் வந்த மறுநாளே வந்த ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த பொட்டு அது. வட்டமாய் மின்னிய ஒரு குமிழை வண்டியின் நெற்றி என்று முடிவு செய்து அப்பியிருந்தார். பூஜைப் பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ரேடியோ போட்டால் தானே எழும் ஏரியல் ஒன்று அதற்குள் சிறைப்பட்டிருப்பது, கம்பி நட்ட உள்ளூர்க் கார்களையே பார்த்த எங்களுக்கு எப்படித் தெரியும்?

"எடுக்கலாங்களா?" என்று பெண் கேட்டார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா பொட்டையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டுக்கு வரப்போறவ நீ. நீ எடுத்தா தப்பில்லம்மா."

அதுவரை யாரும் சம்மதமே சொல்லியிருக்கவில்லை. பெண் ஒரு நொடி சித்தப்பாவைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே கொண்டை ஊசியை உருவிச் சுரண்டினார். ஏரியல், சந்தனத்தில் ஒட்டியிருந்த சாமந்தி இதழ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உயர்ந்தது; வர்ணனையாளர் கத்தினார்; சித்தப்பா, பல வாரங்களுக்குப் பிறகு, மூச்சு விட்டார்.

இப்போது வைட்ஃபீல்ட் நெரிசலில் என் காருக்குப் பாட்டு போனிலிருந்து வருகிறது. தலைதூக்கும் ஏரியல் எந்த வண்டியிலும் இல்லை. போன வாரம் சிக்னலில் பாட்டு திடீரென்று நின்றது. முன்பக்கம் போய்க் குனிந்து பார்க்கலாமென்று ஆவலாகக் கதவைத் திறந்தேன். இறங்குவதற்குள் அதுவாகவே சரியாகிவிட்டது.