ஒன்பது கடதாசியோடு நுவரெலியாவுக்கு

சண்டை நடக்கிற இந்த நாளில் கார் எடுத்துக்கொண்டு மலைநாட்டுக்குப் போகலாமா என்று போன பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போகலாம். நாங்கள் மாசி மாதக் கடைசிச் சனிக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து போய் ஞாயிறு திரும்பினோம். ஆயத்தம் செய்யத்தான் மூன்று கிழமை எடுத்தது.

என் மனுசன் சிவா யாழ்ப்பாணத்தார். நாற்பத்தொரு வயதாகியும் மலையைக் கண்ணால் காணாதவர். நாலு மாதத்துக்கு முந்தி எங்கள் ஃபிளாட்டில் நடந்த ஆமிச் சுற்றிவளைப்பில் அவரைக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து, பிழை ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். அதுக்குப் பிறகு அவர் படியிறங்கவே இல்லை. அவரிடம் கணக்குப் படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள், சந்தைக்கு நான் போவேன். நுவரெலியாவுக்குப் போவோம் என்று நான்தான் கேட்டேன்.

"நீர் உம்மட தம்பியோட போயிட்டு வாரும். மலை எங்கையும் ஓடாது," என்றார்.

"மலை ஓடாதுதான். நீங்கதான் உள்ளுக்கிருந்து பூஞ்சணம் பிடிக்கப் போறீங்க," என்றேன். கொட்டாஞ்சேனையில் பிறந்தவள், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "வழியில திருப்பி அனுப்பினா, இனி என்னை எங்கையும் வரச்சொல்லிக் கேக்கப்படாது." நானும் ஓம் என்றேன்.

ஆயத்தங்கள் இவை. கார் என் தம்பியுடையது, டாஷ்போர்ட்டில் அந்தோனியார் படம் ஒட்டின பழைய நீலக் கார். பிரேக், ரேடியேட்டர், நாலு டயர் எல்லாம் பார்த்தாயிற்று. அடையாள அட்டை இரண்டு, என் லைசன்ஸ், பொலிஸ் பதிவு, கலியாணச் சான்றிதழ், நான் வேலை செய்கிற கந்தோரின் கடிதம், காரின் வரிப்பத்திரம், இன்சூரன்ஸ், கார் தந்ததாகத் தம்பி சிங்களத்தில் எழுதிய கடிதம். ஆக ஒன்பது. உடுப்பை உள்ளே இருப்பது தெரிகிற பொலித்தீன் பைகளில் போடுங்கள், திறந்து மூட நேரம் மிச்சம். டோர்ச் வேண்டாம், பற்றரியைக் கண்டால் குண்டுக்கோ என்று கேள்வி வரும். சிவா இதையெல்லாம் தன் அழகான கையெழுத்தில் பட்டியல் போட்டு அலுமாரிக் கதவில் ஒட்டினார்.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். பாமன்கடை, கிருலப்பனை, பிறகு ஹைலெவல் வீதி. அவிசாவளைக்குக் கொஞ்சம் முன்னால் மறித்தார்கள். ஆமிக்காரப் பொடியன் ஒருவன் சிவாவின் அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்தான். இறங்கச் சொன்னான். சிவா இறங்கி, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரோட்டோரம் நின்றார். எங்களுக்குப் பின்னால் வந்த கார்கள் நிற்காமலே போய்க்கொண்டிருந்தன.

அவன் ஒன்பது கடதாசியையும் வாசித்தான். டிக்கியைத் திறந்து பை பையாகப் பார்த்தான். சாரம், சேர்ட், என் சட்டைகள், இடியப்பப் பார்சல். பிறகு நிமிர்ந்து சிங்களத்தில் கேட்டான், நுவரெலியாவுக்குத்தானே போகிறீர்கள், ஸ்வெட்டர் எங்கே?

மூன்று கிழமை ஆயத்தத்தில் குளிர் என்ற ஒன்று எங்கள் இருவருக்கும் ஞாபகமே வரவில்லை.

சிவாதான் பதில் சொன்னார், தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில். "அமத்தக்க வுணா." மறந்துபோச்சு. பொடியன் தலையை ஆட்டி, அட்டையைக் கொடுத்துப் போகச் சொன்னான். நல்ல பிள்ளைதான். ஆனால் என் மனுசனைப் பத்து நிமிஷம் ரோட்டில் நிற்பாட்டியதை நான் மறக்க மாட்டேன்.

அவிசாவளை டவுன் தாண்டியதும் சிவா, "ஒன்பது கடதாசி கொண்டந்தனாங்கள், ஒரு ஸ்வெட்டர் இல்லை," என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. நான் காரை ஓரங்கட்டி நிற்பாட்டி அழுதேன்.

கித்துல்கலவில் தேத்தண்ணி. கினிகத்தேனைக்கு ஏறும்போது, "உதுதானோ மலை?" என்று கேட்டார். "இது மேடு. மலை இனித்தான்." ஹட்டன் தாண்டி, எதிர்ப்பக்கம் அருவி விழுகிற வளைவில் நிறுத்தினேன். யாரும் இறங்கச் சொல்லாமல் தானாகவே இறங்கினார். குளிருக்கு என் துவாயைப் போர்த்திக்கொண்டு, அரை மணித்தியாலம் நின்று பார்த்தார். கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

பாதை ஏறக்குறைய 175 கிலோமீட்டர், நிறுத்தங்களோடு ஏழு மணித்தியாலம். போக வர பெற்றோல் 3,600 ரூபா, அறை 2,500. பின்னேரம் மூன்றுக்குப் பிறகு பனிமூட்டம், அதுக்கு முன்னம் போய்ச் சேருங்கள். பஜாரில் ஸ்வெட்டர் ஒன்று 450க்கு வாங்கலாம், நாங்கள் இரண்டு வாங்கினோம்.

திரும்பி வந்து நாலாம் நாள், அலுமாரிக் கதவில் பத்தாவதாக 'ஸ்வெட்டர் 2' என்று எழுதியிருந்தது. அடுத்த மாதம் போகவிருக்கும் மேல்வீட்டாருக்கும் ஒரு பிரதி வேண்டுமாம். போட்டோக் கொப்பி எடுக்க நான் செருப்பைத் தேடினேன்.

"நீர் இரும்," என்று பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சிவா தனியாகப் படியிறங்கி, கடைகள் உள்ள காலி வீதிக்குப் போனார்.