நம்மாளை எங்கிருந்து ஓடவிடுவது

ஓடிக் குதித்து ஸ்டேஜ் தாண்டும் அந்தப் பழைய வீடியோ கேம் வரிசையை எந்தப் பாகத்திலிருந்து ஆரம்பிப்பது என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்பதுண்டு. கேட்டவர்கள் பாவம். டீ ஆறிப்போகும்வரை விடமாட்டேன். கடைசியாக வந்த பாகத்தை எடுங்கள், படம் பளிச்சென்று இருக்கும் என்று புத்தி சொல்கிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போங்கள் என்பவர்கள் அதைவிட மோசம். அவர்கள் பேச்சைக் கேட்டு இரண்டாம் பாகத்தில் மாட்டிக்கொண்டு, அப்புறம் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களை எனக்குத் தெரியும்.

என் பதில் ஒன்றுதான். முதல் பாகத்தில் முதல் ஸ்டேஜை மட்டும் ஆடுங்கள். பிறகு நேராக மூன்றாம் பாகத்துக்குத் தாவுங்கள். இது என் சொந்தச் சரக்கில்லை, அக்காவுடையது.

தொண்ணூறுகளில் அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் ஆராய்ச்சி நிலைய வேலை. நாங்கள் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மீன், காய்கறி, வீடியோ கேம் கேசட் எல்லாவற்றுக்கும் புதுப்பட்டினம் கடைத்தெருதான். வாட்ச் ரிப்பேர் கடையொன்றில் கண்ணாடிக்குப் பின்னால் கேசட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். மேலே நூற்றுக்கணக்கான கேம் என்று ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வந்து டிவியோடு இணைத்த கேம் பெட்டியில் மாட்டினால் உள்ளே இருப்பது பத்துப் பதினைந்துதான். ஒரே கேமை ஒவ்வொரு ஸ்டேஜிலிருந்தும் ஆரம்பிக்கிற மாதிரி வெட்டி, துண்டுக்கு ஒரு பெயர் வைத்துப் பட்டியலை நிரப்பியிருப்பான் எவனோ ஒரு புண்ணியவான்.

அதனால் எங்கள் ஊரில் பெரிய கூத்தே நடந்தது. எங்கள் பிளாக்கில் எல்லாரும் இந்த கேம் தண்ணீருக்குள்தான் ஆரம்பிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். பட்டியலில் மேலே இருந்தது அந்தத் துண்டு. எதிர் பிளாக்கில் வேறு கேசட், அவர்களுக்கு ஆரம்பமே பனிமலை. யாருடையது உண்மையான ஆரம்பம் என்று சைக்கிள் ஸ்டாண்டில் நின்று சண்டை போடுவோம். பாகங்களும் தலைகீழாகத்தான் வந்தன. முதலில் மூன்றாம் பாகம் வந்தது. அதன் பிறகு முதல் பாகம் வந்தபோது, படம் மங்கலாக இருக்கிறதே, கஞ்சத்தனமாக எடுத்த புதுப் பாகம் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம். கதாநாயகனின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. கேசட் அதன் அட்டைப்பெட்டியோடு வந்திருந்தால்தானே பெயர் தெரிய? அவனை நம்மாளு என்றே கூப்பிட்டோம்.

உண்மையான முதல் ஸ்டேஜைக் கண்டுபிடித்தவள் அக்கா. எனக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம். ஒரு முழுப்பரீட்சை லீவில் பட்டியலின் ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்த்து, அடியில் எங்கோ கிடந்ததை வெளியே எடுத்தாள். என்னைக் கூப்பிட்டு வயர் வைத்த கேம் ரிமோட்டைக் கையில் கொடுத்தாள்.

"வாயைத் தொறக்காம ஆடு. என்கிட்ட எதுவும் கேக்காத."

கேட்கத் தேவையே இருக்கவில்லை. நம்மாளு திரையின் இடது ஓரத்தில் நிற்கிறான். வலதுபக்கம் காலியாகக் கிடக்கிறது, அதனால் வலதுபக்கம் போகிறோம். நண்டு மாதிரி ஒன்று மெதுவாக ஊர்ந்து வருகிறது. அது மெதுவாக வருவதே நாம் யோசிக்கத்தான். முட்டினால் செத்துப்போகிறான், ஆனால் நாலு எட்டுதானே நடந்திருக்கிறோம், வலிக்காது. அடுத்த தடவை குதிக்கிறோம். கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளம், அதற்குத் தரை இருக்கிறது. விழுந்தாலும் ஏறி வரலாம். அதைத் தாண்டி அதே அகலத்தில் இன்னொரு பள்ளம், அதற்குத் தரை இல்லை. அதற்குள் நமக்குத் தாண்டத் தெரிந்துவிடுகிறது.

நான் இன்று நாவலூரில் மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிறவள். புதியவர்களுக்கு வழிகாட்டும் பக்கங்களை எவ்வளவோ எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இவ்வளவு மரியாதையாக ஒருவருக்குக் கற்றுக்கொடுத்ததை வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த முதல் பள்ளத்துக்குத் தரை போட்டவனை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

ஆனால் முதல் பாகம் போகப்போகக் கறார். ஒரு தப்புக்கு ஒரு ஸ்டேஜ் போய்விடும். இரண்டாம் பாகத்தை வேறு யாரோ எழுதியது போலிருக்கும், நம்மாளு நம்மாளாகவே இருக்கமாட்டான். மூன்றாவதில்தான் தாராளம். ஒவ்வொரு மூலையிலும் எதையாவது ஒளித்து வைத்திருப்பார்கள், தேடிப் போனவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். புதியவர் அங்கேதான் குடியேற வேண்டும், ஆனால் முதல் ஸ்டேஜைப் பார்க்காமல் போகக்கூடாது என்பது அக்காவின் கட்சி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அக்கா செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பஸ்ஸில் போய் வந்து, முகம் கழுவி, நம்மாளை ஓடவிட்டால்தான் அவளுக்கு நாள் முடியும். வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். வருகிற மாப்பிள்ளைகளிடம் அவள் ஒளிக்காமல் வீடியோ கேம் ஆடுவேன் என்று சொல்வாள். ஒருவர் சின்னப் பிள்ளை விளையாட்டா என்று சிரித்தார். இன்னொருவர் கல்யாணத்துக்கப்புறம் எங்கே நேரம் இருக்கப்போகிறது என்றார். இரண்டு பேரையும் அக்கா வேண்டாம் என்றுவிட்டாள்.

அப்பா கொதித்துப் போனார். "ஒரு வீடியோ கேமுக்காகவா வரனைத் தட்டிவிடுற?"

"கேமுக்காக இல்லப்பா. அது என்னன்னு ரெண்டு பேரும் கேக்கவே இல்ல."

அப்பா ரிட்டயராக அதிக நாள் இல்லை, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் கல்யாணம் முடியாவிட்டால் என்ன ஆகும் என்று சாப்பாட்டு நேரமெல்லாம் சண்டை. அடுத்ததும் தட்டிப்போனால் இனி நான் தலையிடமாட்டேன் என்று அம்மா அழுதாள். எனக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டியது. அக்கா சரி என்று சொல்லிவிட்டால் போதும் என்று கடற்கரைப் பிள்ளையாரிடம் மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாப்பிள்ளை கருங்குழிக்காரர். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை, அந்தக் குடும்பத்தில் முதல் ஆபீஸ் வேலைக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய அம்மாவும் தாய்மாமனும் கூட வந்தார்கள். எங்கள் அம்மா கேம் பெட்டியைத் துடைத்து, டிவி ஸ்டாண்டில் பூப்போட்ட துணியால் மூடி வைத்திருந்தாள். ரிமோட்டின் வயர் மட்டும் துணிக்குக் கீழே எட்டிப் பார்த்தது. சொஜ்ஜி வந்தது, பஜ்ஜி வந்தது, அக்கா காபியோடு வந்தாள். மாப்பிள்ளையின் கண் வயரிலேயே இருந்தது.

"அது வீடியோ கேமா?"

அம்மாவின் முகம் செத்துவிட்டது. அக்கா, "ஆமாங்க, நான் ஆடுவேன்" என்றாள்.

"மதுராந்தகத்துல ஒரு கடையில வெளிய நின்னு பாத்துருக்கேன். கையில புடிச்சதில்ல. புதுசா ஆடறவன் எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். முதல் தடவையாகப் பார்த்தாள் என்றுகூடச் சொல்லலாம். "முதல் பாகம், முதல் ஸ்டேஜ்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பாய்ந்து போய்த் துணியை எடுத்து, பெட்டியை ஆன் செய்து, எத்தனையோ வருடப் பழக்கத்தில் பட்டியலில் கீழே போய், முதல் ஸ்டேஜ் இருக்கும் வரியைப் பார்க்காமலே தட்டி ரிமோட்டை அவரிடம் நீட்டினேன்.

திரையில் தெரிந்தது முதல் ஸ்டேஜ் இல்லை. கோட்டை ஸ்டேஜ். மேலேயிருந்து ஈட்டி இறங்கும், கீழே நெருப்பு, நிற்கிற பலகை நகரும். அம்மா துடைத்தபோது எங்கள் இரண்டு கேசட்டில் ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டியிருக்கிறாள். அந்தக் கேசட்டில் அதே வரியில் இருந்தது வேறு துண்டு. மாற்றலாம் என்று கையை நீட்டினேன். அக்கா லேசாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

அவர் பட்டனைத் தொட்டார், நம்மாளு செத்தான். மறுபடி தொட்டார், மறுபடி செத்தான். ஈட்டியிடம் ஒரு தடவை, நெருப்பிடம் ஒரு தடவை, சும்மா நின்றதற்காக ஒரு தடவை. தாய்மாமன் வாய்விட்டுச் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

"இன்னாடா இது, பொண்ணு பாக்க வந்த எடத்துல? வச்சிட்டு வா."

"வுடுக்கா, புள்ள ஆசப்படுது" என்றார் மாமன், சிரிப்பை அடக்கமுடியாமல். "நைனா, அவன் பாவம்டா, எத்தினி வாட்டி சாவடிப்ப?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த வரனும் போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன். எல்லாம் என்னால்தான். மாப்பிள்ளைக்கு மட்டும் சிரிப்பும் காதில் விழவில்லை, திட்டும் காதில் விழவில்லை. சோபாவிலிருந்து இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதுவரை ஜாக்கிரதையாக வைத்திருந்த ஆபீஸ் பேச்சும் கழன்றுபோனது.

"இது ஆரம்பம் மாதிரி இல்லியே" என்றார் திரையைப் பார்த்தபடியே. "நடுவுல இட்டாந்து வுட்ட மாதிரி கீது. ஈட்டி வரும்னு தெரிஞ்சவனுக்குக் கட்டின எடம் இது. அதைத் தெரிய வெக்கிற எடம் ஒண்ணு முன்னாடி இருக்கணுமே. நான் அதைப் பாக்கலியே."

அவர் ரிமோட்டை அக்காவிடம் நீட்டினார். "நீங்க ஆடுங்க. நான் பாக்குறேன்."

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கேசட்டைக் கழற்றி மற்றதை மாட்டினாள். முதல் ஸ்டேஜைப் போட்டு ரிமோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். "வாயைத் தொறக்காம ஆடுங்க."

அவர் நண்டிடம் ஒரு தடவை செத்தார். அடுத்த தடவை குதித்தார். தரையுள்ள பள்ளத்தில் விழுந்து ஏறி வந்தார், தரையில்லாத பள்ளத்தைத் தாண்டினார். தாண்டியதும் ஆடுவதை நிறுத்திவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்து, "யாரு சார் இதைச் செஞ்சது!" என்றார். எங்கள் அக்காவைப் போய் சார் என்று கூப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு அது நினைவே இல்லை. அக்காவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே கிடையாது. தான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு ஆள் தானாகவே கண்டுகொண்டுவிட்டான் என்கிற சந்தோஷம்.

அவர்கள் போன பிறகு அப்பா எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயந்தார் என்று நினைக்கிறேன். அக்காவே, "சரின்னு சொல்லிடுங்கப்பா" என்றாள். அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அப்பா மிச்சமிருந்த பஜ்ஜியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் வழக்கம்போல இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். மூன்றாம் பாகம். எங்கள் வீட்டில் செத்தவர் ரிமோட்டை மற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும். நெருப்பில் செத்தால் மற்றவர் அதே இடத்திலிருந்து தொடரலாம், பள்ளத்தில் விழுந்தால் கோட்டையை முதலிலிருந்து ஆட வேண்டும். அன்று அக்கா இருந்த உற்சாகத்தில் கடைசிக் கோட்டை வரை கொண்டுபோய்விட்டாள். அதுவரை நாங்கள் அந்தக் கோட்டையின் கடைசி வாசலைத் தாண்டியதே இல்லை. அங்கே நெருப்பில் விழுந்து ரிமோட்டை என்னிடம் கொடுத்தாள். எனக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு சின்னப் பள்ளம், அதற்கு அப்பால் வாசல், அதில் நுழைந்தால் கேமே முடிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு தாண்டக்கூடிய பள்ளம்.

நான் நேராக நடந்து போய் அதில் விழுந்தேன்.

அக்கா ரிமோட்டை வாங்கினாள். மறுபடி வாசல்வரை வந்து நெருப்பில் மாட்டினாள். என் முறை வந்தது. மறுபடி நடந்து போய் விழுந்தேன்.

"ஏன்டி வேணும்னே சாவுற?"

"முடிஞ்சிட்டா நீ எழுந்து போயிடுவ."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வயதுக்கு வந்த பெண், கல்லூரிக்குப் போகிறவள், வீடியோ கேம் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதேன். அக்கா என்னைச் சமாதானப்படுத்தவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. ரிமோட்டை என் கையிலிருந்து எடுத்தாள். ஈட்டிகளைத் தாண்டினாள், நெருப்பைத் தாண்டினாள், நகரும் பலகையில் ஒரு பிசகு இல்லாமல் ஏறி இறங்கினாள். அவள் அவ்வளவு அழகாக ஆடி நான் பார்த்ததில்லை. வாசலுக்கு முன்னால் இருந்த அந்தச் சின்னப் பள்ளத்தின் ஓரத்தில் வந்து நம்மாளை நிறுத்தினாள்.

பிறகு மெதுவாக ஒரு எட்டு வைத்து உள்ளே விழுந்தாள்.

"இந்தா, உன் டர்ன்" என்று ரிமோட்டை என்னிடம் நீட்டினாள்.