ஓவியரின் இடது காது

பத்து வயதில் நான் யாரையும் நம்பியதில்லை. பால்காரர் பாலில் தண்ணீர் ஊற்றுகிறார், பள்ளியில் என் தட்டுக்கு மட்டும் சின்ன முட்டையாகப் பார்த்து வைக்கிறார்கள், பக்கத்து வீட்டு நாய் வேண்டுமென்றே என்னைப் பார்த்துக் குரைக்கிறது. இந்தப் பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தவர் மாமா.

அவர் அம்மாவின் தம்பி. சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுச் சிலை செய்துவந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டதால் மாமாவின் உழைப்பில்தான் எங்களுக்குச் சோறு. அந்த வருடம் கடலூரில் ஓர் ஓவியப் பள்ளி, புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் மார்பளவுச் சிலையைக் கேட்டிருந்தது. முதலில் மெழுகில் செய்ய வேண்டும். அவர்கள் பார்த்துச் சரி என்றால்தான் வெண்கலத்தில் வார்ப்பு. இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஓவியர் உயிரோடு இல்லை. மாமா கையில் இருந்தவை இரண்டே படங்கள். இரண்டிலும் முகத்தின் இடப்பக்கம் தெரியவில்லை.

மெழுகு நாற்றம் தலைவலி என்று கொட்டகைப் பக்கமே போகாத அம்மா, இப்போது சமையல் முடிந்ததும் அங்கே போய்விடுவாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, எப்போதும் அந்தத் தலையின் இடப்பக்கமாகவே உட்காருவாள். "இன்னும் கொஞ்சம் கீழ எறங்கும்டா" என்பாள். மாமா கத்தியை விளக்கில் காட்டி மெழுகை இழுத்துவிடுவார். என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது போதாதா?

ஆளில்லாத நேரம் பார்த்துப் போய் ஆராய்ந்தேன். வலது காது சின்னது, மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. இடது காது நீளம், மடல் தொங்கியது, மேல் விளிம்பில் சின்ன வெட்டு வேறு. மாமா ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டிவிட்டேன்.

ஓவியப் பள்ளி முதல்வர் வந்தார். மூக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றார். அப்போதுதான் மாமா மூச்சே விட்டார்.

"சார், காதப் பாருங்க. ரெண்டும் வேற வேற ஆளோடது" என்றேன்.

முதல்வர் முகம் மாறிவிட்டது. இது யார் காது என்று கேட்டார்.

"படத்துல இல்லாத எடத்த, தெரிஞ்சவங்கள நெனச்சுதான் சார் செய்வோம்" என்றார் மாமா. யாரை என்று சொல்லவில்லை, அம்மாவைப் பார்த்தார். இப்போதே மாற்றினால் சரி, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார் முதல்வர். மாமா கத்தியைச் சூடாக்கி அந்தக் காதை அறுத்து எடுத்தார்.

"அத அடுப்புல போடாதடா. எங்கிட்ட குடு" என்றாள் அம்மா.

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். முதல்வர் என்னைக் கெட்டிக்காரி என்றார். அன்று முழுக்க நான் அந்தப் பெருமையில் திரிந்தேன். ஒரு மெழுகுத் துண்டை அம்மா எதற்கு ஒளித்து வைக்கிறாள் என்று அவள்மேலும் சந்தேகம் வந்தது. வீட்டில் மாலை போட்டு மாட்டியிருந்த ஒரே படத்தில் அப்பாவின் காதுகளை முடி மறைத்திருந்தது. அவர் காது எப்படி இருக்கும் என்று ஒருநாளாவது அம்மாவைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.